என் பெல்ட்டைப் பிடித்திருந்தவன்

போன ஐப்பசியில் ஒரு காலை. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவர் ஒருவரை ஸ்டூலில் உட்கார வைத்து, முகவாயைத் தூக்குங்கள், அவ்வளவு தூக்க வேண்டாம் என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கோத்தகிரிப் பக்கம் கட்டபெட்டிலிருந்து பேசியவள், ராணுவத்தில் என்னோடு இருந்தவனின் மனைவி. அவன் மாரடைப்பில் போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது.

"ஏனுங்ணா, வேலையா இருக்கீங்களா?"

"இல்லம்மா, சொல்லு."

"மார்கழியில அவருக்கு வருஷம் வருதுங்ணா. பட்டாளத்துல எடுத்த போட்டோ ஒண்ணு வேணுமுங்க, பெருசு பண்ணி மாட்டோணும். ஊட்ல இருக்கறதெல்லாம் கல்யாணத்துல எடுத்தது, இல்லாட்டி பாப்பா போன்ல எடுத்தது. அங்க அவரு எப்படி இருந்தாருன்னு நான் பாத்ததே இல்லீங்ணா. நீங்கதான அத்தன போட்டோ எடுத்தீங்க?"

"அதுக்கென்னம்மா, நெறைய இருக்கும். எடுத்துத் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். என் வாய்க்கு எப்போதும் அவசரம். மூளை அடுத்த பஸ்ஸில்தான் வரும்.

ஓய்வு பெற்றபின் குன்னூர் பஸ் நிலையத்துக்கு மேலே, படியேறிப் போகிற ஒரு பழைய கட்டடத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். அதற்கு முன் ராணுவத்தில் போட்டோகிராபர். இதைச் சொன்னால் ஊரில் யாரும் பெரிதாக மதிப்பதில்லை. "அப்ப நீங்க துப்பாக்கி புடிக்கலீங்களா?" என்பார்கள். பிடித்தேன். ஒரு தோளில் அது, மறு தோளில் கேமரா. இரண்டையும் மாட்டிக்கொண்டு ஒரு மலை ஏறிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசட்டும்.

அணிவகுப்பு, அதிகாரிகள் கைகுலுக்குவது, இதெல்லாமும் எடுத்திருக்கிறேன். ஆனால் வடக்கே எல்லைப் பக்கம், துப்பாக்கிச் சத்தம் கேட்கிற இடங்களில் எங்கள் வேலை வேறு. குண்டு எந்தப் பக்கமிருந்து வந்து சுவரில் பட்டது, பிடிபட்ட ஆயுதம் எப்படிக் கிடந்தது, வெடிக்காமல் மண்ணில் புதைந்திருப்பது எந்த வகை, இதையெல்லாம் யாரும் கை வைப்பதற்கு முன்னால் எடுக்க வேண்டும். எங்கள் ஆட்கள் விழுந்தால் அவர்களையும் எடுக்க வேண்டும். அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனமில்லை. கேமராவின் சிவப்பு விளக்கை மறைக்கக் கறுப்பு டேப், பளபளக்கிற எழுத்தை மறைக்கக் கறுப்பு டேப், ஷட்டர் சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் கம்பளி சாக்ஸை வெட்டித் தைத்த ஒரு உறை. குளிரில் பேட்டரி படுத்துவிடும் என்று அதை அக்குளில் வைத்துக்கொண்டு நடப்போம். எடுத்த படம் எதுவும் நமக்குச் சொந்தமில்லை. மெமரி கார்டைக் கழற்றி உறையில் போட்டு, ஒட்டி, மேலே அனுப்பிவிட்டால் அதோடு சரி.

இந்த வேலையில் ஒரு பெரிய கோளாறு உண்டு. ஒரு கண்ணை மூடி மறு கண்ணைக் கேமராவில் வைத்துவிட்டால், அந்தச் சின்னச் சதுரத்துக்கு வெளியே எதுவுமே தெரியாது. காலடியில் பள்ளம் இருக்கும், தலைக்கு நேரே எவனாவது குறி வைத்திருப்பான், நமக்குச் சதுரம்தான் உலகம். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். போட்டோகிராபருக்குப் பின்னால் ஒருவன் நின்று அவன் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொள்வான். சுற்றிலும் பார்ப்பது அவன் வேலை. ஒரு இழுப்பு என்றால் நில். இரண்டு இழுப்பு என்றால் பின்னால் வா. கீழே அழுத்தினால் உட்கார், கேள்வி கேட்காதே.

ஒரு காலாட்படைக் கம்பெனியோடு இருக்கும்படி என்னை அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்த அன்று, போட்டோகிராபருக்குத் துணையாள் ஒருவன் வேண்டும், யார் வருகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. சண்டை போட வந்தவன் எவன் இன்னொருத்தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான்? நான் குன்னூர்க்காரன் என்று யாரோ சொன்ன பிறகுதான் பின்வரிசையில் ஒரு கை எழுந்தது.

"நானுங்க கட்டபெட்டு. வாங்ணா, நான் புடிச்சுக்கறேன்."

மற்றவர்களுக்கெல்லாம் நான் போட்டோ சாப். அவனுக்கு மட்டும் அண்ணா. மூன்று வருஷம் அவன் கை என் பெல்ட்டில் இருந்தது. அவன் முகத்தைவிட அவன் கையின் கனம்தான் எனக்கு நன்றாகத் தெரியும். வாயில்லாப்பூச்சி என்றே அவனைப் பற்றி முடிவு கட்டியிருந்தேன். என்னிடம் அவன் பெரும்பாலும் பேசியது "சரிங்ணா", "ஆகட்டுங்ணா", "பாத்துங்ணா" என்ற மூன்றும்தான். குறை அவனிடம் இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வெளிச்சம் மாறினால் வானத்தைத் திட்டுவேன், மேகத்தைத் திட்டுவேன், பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களையும் திட்டுவேன். என் பின்னால் நிற்கிறவன் வாயைத் திறக்காமலிருப்பதே புத்திசாலித்தனம்.

ஒருநாள் ஒரு சரிவில், கூரை போன வீடு ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தேன். சுவரோடு சேர்த்து முழு வீடும் வர வேண்டும் என்று பின்னால் நகர்ந்தேன். பெல்ட்டில் ஒரு இழுப்பு. நில் என்று அர்த்தம். "இருடா" என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு அடி வைத்தேன். அடுத்த கணம் மாட்டை இழுப்பது போல என்னைப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டான். நான் ஒரு பக்கம், கேமரா ஒரு பக்கம். லென்ஸ் பாறையில் மோதித் தூளாகிவிட்டது. முட்டிபோட்டு எழுந்த நான் அவனைத் திட்டினேன். அவனை, அவன் குடும்பத்தை, அவன் பிறந்த மலையை. அது நானும் பிறந்த மலைதான் என்பது அப்போது நினைவில்லை. திட்டிக்கொண்டிருக்கும்போதே, நான் நின்றிருந்த இடத்துக்குப் பின்னாலிருந்த இன்னொரு வீட்டுச் சுவரில், என் நெஞ்சு உயரத்தில், இரண்டு முறை சுண்ணாம்புக் காரை வெடித்துச் சிதறியது.

நான் வாயை மூடிக்கொண்டேன். அவன் என்னைக் கீழே அழுத்தி உட்கார வைத்துவிட்டு, "பாத்துங்ணா" என்றான். அவ்வளவுதான்.

லென்ஸ் உடைந்ததற்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கால் தவறி விழுந்ததாக எழுதினேன். அவனைப் பற்றி ஒரு வரி இல்லை. நாளைக்கு நன்றி சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் கூச்சமாக இருந்தது. ஒரு வாரம் கழித்துச் சொன்னால் இதை இப்போதுதான் யோசித்தாயா என்பது போல் ஆகிவிடும். ஒரு வருஷம் கழித்து எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. இப்படித்தான் சொல்லாமலே ஓய்வு பெற்று ஊர் வந்து சேர்ந்தேன். அவனும் கொஞ்ச காலத்தில் வந்துவிட்டான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தன் தோட்டத்து இலை போகிற ஃபேக்டரியிலிருந்து தேயிலைத்தூள் வாங்கிக்கொண்டு என் ஸ்டுடியோவுக்கு வருவான். பேச எதுவும் இல்லாமல் இரண்டு பேரும் டீ குடிப்போம். சரிங்ணா என்று போய்விடுவான்.

போன் வந்த அன்று மதியமே கடையில் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தேன். சண்டைப் படங்கள் என்னிடம் கிடையாது. ஆனால் அந்தக் கம்பெனியில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. வீட்டுக்கு அனுப்புவதற்காக ஒவ்வொரு ஜவானுக்கும் ஒரு படம். இடம் தெரியக்கூடாது என்பதால் பின்னால் வெறும் பச்சைத் தார்ப்பாய். போன் வைத்துக்கொள்ளக் கூடாத இடம் அது, ஆகவே வீட்டில் இருப்பவர்கள் முகத்தைப் பார்க்க அது ஒன்றுதான் வழி. அதன் பிரதிகளை நான் வைத்துக்கொள்ள அதிகாரி அனுமதி தந்திருந்தார். நூற்றுச் சொச்சம் முகங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவன் இல்லை. திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். இல்லை. கம்பெனி மொத்தமும் நிற்கிற குரூப் படத்தில் தலைகளை விரல் வைத்துத் தேடினேன். அதிலும் இல்லை.

எப்படி இருப்பான்? அந்தப் படங்களை எடுத்த இடம் ஒரு குறுகலான திட்டு. எனக்குப் பின்னால் பள்ளம். அங்கேயும் அவன்தான் என் பெல்ட்டைப் பிடித்திருந்தான். "உன்னதையும் எடுத்துடலாம், வந்து நில்லு" என்று ஓரிரு முறை சொல்லியிருக்கிறேன். "நான் அங்க வந்துட்டா பெல்ட்ட யாருங்ணா புடிக்கறது? அப்பறம் எடுத்துக்கலாங்ணா" என்பான். நானும் அதற்கு மேல் வற்புறுத்தியதில்லை. நான் எடுத்த எந்தப் படத்திலும் அவன் இருக்க வழியில்லை. அவன் படத்துக்குள் வந்திருந்தால், படம் எடுக்க நான் இருந்திருக்க மாட்டேன்.

சரி, அங்கேதான் முடியவில்லை, இங்கே? இத்தனை வருஷம் என் ஸ்டுடியோவுக்கு வந்து, அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து டீ குடித்தவனை ஒரு படம் எடுக்கத் தோன்றவில்லை எனக்கு. ஊரில் போகிற வருகிறவனையெல்லாம் எடுக்கிறேன். என்னை நானே என்ன சொல்லித் திட்டினேன் என்பதை அச்சில் போட முடியாது.

பழைய நண்பர்கள் இரண்டு பேருக்குப் போன் செய்தேன். அவர்களிடமும் இல்லை. அப்புறம் ஒரு திருட்டு வேலை செய்தேன். ஸ்டுடியோவில் நாள் முழுக்கச் செய்கிற வேலைதான். சட்டையோடு வருகிறவனுக்குக் கோட்டு மாட்டிவிடுவோம், தனித்தனியாக எடுத்த அப்பா அம்மாவைச் சேர்த்து உட்கார வைப்போம். அவன் மகள் போனில் எடுத்த முகத்தில் நரையை நீக்கி, சுருக்கத்தை நீக்கி, வேறொருவனின் சீருடையில் பொருத்தி, பின்னால் பச்சைத் தார்ப்பாயையும் போட்டேன். நன்றாகவே வந்தது. உலகத்தில் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் அங்கே அவன் எப்படி இருந்தான் என்று பார்க்கவேண்டும் என்றல்லவா அவள் கேட்டாள்? இது அவன் அங்கே இருந்த விதம் இல்லை. அழித்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி பஸ் பிடித்துக் கட்டபெட்டில் இறங்கினேன். வெறுங்கையோடு போகத் தைரியமில்லை. அவனோடு நெருக்கமாக இருந்த ஆட்களின் படங்கள் இருபதை மட்டும் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். கோயம்புத்தூரில் படிக்கிற மகளும் வீட்டுக்கு வந்திருந்தாள். மழை பிடித்துக்கொண்டதால் கயிற்றில் கிடந்த துணியை அள்ளிக்கொண்டு ஓடி வந்தவள், "அம்மா, பெரியப்பா வந்தாச்சு" என்று கத்தினாள். அவன் மனைவி வெளியே வந்ததும் முதலில் பார்த்தது என் கையிலிருந்த கவரைத்தான்.

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். "அவன் போட்டோ எங்கிட்ட இல்லம்மா. ஒண்ணுகூட இல்ல."

"ஒண்ணுகூடவாங்ணா?"

"அவன் எப்பவும் எனக்குப் பின்னாடிதான் நின்னான். எம்மேலதான் தப்பு."

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஈரமே இல்லாத கை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல்தான் அந்தக் கூரை போன வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். லென்ஸ் உடைந்தது வரை வந்ததும் அவள் லேசாகத் தலையாட்டினாள்.

"தெரியுங்ணா. 'எங்கண்ணன் திட்டுன திட்டுல மலையே ஆடிருச்சு'ன்னு சொல்லுவாரு."

"அப்பறம் என்ன நடந்துச்சுன்னு சொன்னானா?"

"அப்பறம் என்னுங்க?"

சுவரில் குண்டு பட்டதைச் சொன்னேன். நெஞ்சு உயரத்தில் என்று கையை வைத்துக் காட்டினேன். அதை அவன் வீட்டில் சொன்னதே இல்லை. நான் திட்டியதை மட்டும் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

"அவன் இழுக்கலீன்னா அன்னைக்கே நான் இல்லம்மா. என் பையன் அப்ப ரெண்டாங் கிளாஸ். அவன் படிச்சது, கல்யாணம் பண்ணது, பேத்தி பொறந்தது, எல்லாம் உம்புருஷன் குடுத்தது. அவங்கிட்டச் சொல்லியிருக்கோணும். சொல்லல. உங்கிட்டச் சொல்றேன்."

சொல்லிவிட்டு அழுதேன். அவளும் அழுதாள். வெட்கமாக இல்லை. இத்தனை வருஷம் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது கரைந்து போன மாதிரி இருந்தது. மகள் மட்டும் எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். பட்டாளத்தில் அப்பா கேமராப் பையைத் தூக்கினார் என்று சொந்தக்காரர்கள் சிலர் கேலி பேசுவது உண்டாம். "இனி பேசட்டும், பாத்துக்கறேன்" என்றாள்.

டீ குடித்தபின் அவன் மனைவி கவரைக் கேட்டாள். "அவரு கூட இருந்தவங்களையாச்சும் பாக்கறேன், குடுங்ணா." கட்டில்மேல் ஒவ்வொன்றாகப் பரப்பினாள். இருபது பேரும் பச்சைத் தார்ப்பாய்க்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். சும்மா சிரிப்பில்லை, அடக்க முடியாமல் பீறிட்ட சிரிப்பு. ஒருத்தனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்திருக்கிறது. நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தப் படங்களுக்காக எனக்குப் பெரிய பெயர் உண்டு. மற்ற போட்டோகிராபர்கள் எடுத்தால் ஜவான்கள் ஆணியை விழுங்கியது போல நிற்கிறார்கள், உன் கேமராவுக்கு மட்டும் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று மேலதிகாரிகளே கேட்டிருக்கிறார்கள். கைப்பழக்கம் சாப் என்று அடக்கமாகச் சொல்லியிருக்கிறேன். அதை அவளிடமும் சொன்னேன்.

அவள் படங்களிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "எல்லாரும் சிரிக்கறாங்கதான். ஆனா ஒருத்தருகூட உங்களப் பாக்கலீங்களேங்ணா?"

குனிந்து பார்த்தேன். வாஸ்தவம். இருபது பேர் கண்ணும் லென்ஸுக்குக் கொஞ்சம் மேலே, ஒரே பக்கமாக, என் வலது தோளுக்கு மேல் போயிருந்தது. எடுக்கும்போதே எனக்கு அது தெரியும். லென்ஸைப் பாருடா, லென்ஸைப் பாருடா என்று ஒவ்வொருத்தனிடமும் கத்தியிருக்கிறேன். கத்தக் கத்த அவர்கள் இன்னும் சிரிப்பார்கள்.

மகள் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அம்மா, அப்பா பெரியப்பா மாதிரி செஞ்சு காமிச்சிருக்காரு!" சொல்லிவிட்டு என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன மாதிரின்னா?"

"ஒண்ணுமில்லீங்க பெரியப்பா."

"செஞ்சு காட்டு சாமி. கோவிச்சுக்க மாட்டேன்."

அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையாட்டியதும் எழுந்து நின்றாள். ஒரு கண்ணை இறுக்கி மூடினாள். வாயை ஒரு பக்கம் கோணி, நாக்கு நுனியை வெளியே விட்டு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு அடி பின்னால் வாத்து நடை நடந்தாள். சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்து, கையை உயர்த்தி மேகத்தைத் திட்டினாள்.

அது நான்தான். அச்சு அசலாக நான். அவன் லீவில் வரும்போதெல்லாம் இதைச் செய்து காட்டித்தான் வீட்டைச் சிரிக்க வைப்பானாம். அங்கே ஒரு கையால் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, என் முதுகுக்குப் பின்னால், மூன்று வருஷமும் இதைத்தான் செய்திருக்கிறான். வாயில்லாப்பூச்சி! எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தப் பெண்ணைப் பார்த்து, அவள் முகத்தில் அவனைப் பார்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவன் மனைவியும் சிரித்தாள். போன் பேசியதிலிருந்து அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

அந்த இருபது பேரில் நான்கு பேர் ஊர் திரும்பவில்லை. அவர்கள் வீடுகளில் மாலை போட்டு மாட்டியிருப்பது இந்தப் படம்தான் என்று எனக்குத் தெரியும். ஒருவனின் தாய், "என் மகன் சிரிச்ச முகமா இருக்கறான், அது போதும் சாமி" என்று யாரையோ எழுதச் சொல்லி எனக்குக் கடிதம் அனுப்பியிருந்தாள். அந்தக் கடிதம் உண்மையில் யாருக்கு வந்தது என்பதைக் கட்டபெட்டில் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். என் உயிருக்கு அவனுக்கு நன்றி சொன்னதோடு தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். என் பெயருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. இரண்டையும் சந்தோஷமாகவே சொல்கிறேன்.

"இந்த இருபதும் எனக்கு வேணுங்ணா" என்றாள் அவள். குன்னூர் வந்து எல்லாவற்றையும் பெரிதாகப் போட்டு, சட்டம் மாட்டி, மார்கழியில் நானே எடுத்துக்கொண்டு போனேன். மகள் போனில் எடுத்த அவன் படத்தை நடுச்சுவரில் மாட்டி மாலை போட்டிருந்தார்கள். இவர்களை அதற்கு இடது பக்கம் மாட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன். தொழில்காரனாக என் பங்கு அவ்வளவுதான்.

வருஷத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் இலை போடுவதற்கு முன்பே சுவரைப் பார்த்து முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சூலூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டார்.

"ஏனம்மிணி, யாரிவங்கெல்லாம்? கும்படற எடத்துல இப்படிப் பல்லக் காட்டிச் சிரிச்சுட்டு நிக்கறானுக?"

அவள் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அவங்க எங்கூட்டுக்காரரப் பாத்துட்டு இருக்காங்க மாமா."